இரண்டாவது போனில் சொன்னது

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ பெரிய தரிசனத்தில் பிறந்தது என்று நினைத்து நீங்கள் பின்னால் ஏமாறக் கூடாது.

என் பழைய போன் செத்துப்போனது. புதிது வாங்குவதற்கு முன் நாலு விமர்சனம் படிப்பது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டதே, நானும் படித்தேன். ஒருவர் விலை உயர்ந்த போனையும் மலிவு போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார். திரை, கேமரா, பேட்டரி எல்லாவற்றிலும் நியாயமாகத்தான் எழுதியிருந்தார். மலிவு போனைப் பற்றிய ஒரு வரி மட்டும் உறுத்தியது: "பேசுகிறவர் குரல் சரியாகக் கேட்கவில்லை." அவருடைய பழைய விமர்சனங்களைத் தேடிப் பார்த்தேன். எந்த நிறுவனம், எந்த மாடல் என்ற பேதமில்லை. மலிவு போன் என்றால் அதே வரி.

நான் மலிவு போனைத்தான் வாங்கினேன். என் சட்டைப்பை அதற்குத்தான் ஒப்புக்கொண்டது. அதில் வந்த முதல் அழைப்பில் என் அத்தை பேசியது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கே தெளிவாகக் கேட்டு, அத்தையின் மூட்டுவலிக்கு அவர் ஒரு தைலம் சிபாரிசு செய்தார்.

பிறகு அந்த விமர்சகர் ஏன் அப்படி எழுதினார்? இந்தக் கேள்விதான் கதை. அந்த ஆளை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவர் இடத்தில் நானே ஒருவனைச் செய்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "பெரிய நிறுவனத்திலிருந்து வந்த உறையை அவன் மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு..."

வேண்டாம். லஞ்சம் வாங்குகிறவனை எழுதுவது சுலபம். பிடித்துக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. தவிர, எழுத எழுத அவன் நாணயமானவனாகவே வந்து நின்றான், நான் என்ன செய்யட்டும்?

இரண்டாவது தொடக்கம்: "இல்லாதவர்கள் வாங்கும் எதைப் பார்த்தாலும் அவனுக்கு இளக்காரம். ஏனென்றால் சின்ன வயதில் அவன்..."

இதுவும் வேண்டாம். சின்ன வயதுக்குள் போனால் கதைக்குத் திரும்பிவர வண்டி கிடைக்காது.

மூன்றாவது தொடக்கம், இது நிற்கும் என்று நினைக்கிறேன்: வாசகர்கள் அவனுக்கு வைத்த பெயர் அரை மார்க். ஒரு இணையதளத்தில் போன் விமர்சனம் எழுதுகிறான். எப்பேர்ப்பட்ட போனாக இருந்தாலும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்து அரை மார்க் குறைத்துவிடுவான். நிறுவனங்கள் அனுப்பும் போன்களை வேலை முடிந்ததும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவான். ஒரு போன் கவரைக்கூட வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவன் மனைவிக்கு அவன்மேல் லேசான மனத்தாங்கல் உண்டு.

3

அவனுடைய முறையைச் சொல்லிவிட வேண்டும். விலை உயர்ந்த போன் வலது கையில், மலிவு போன் இடது கையில். எந்த ஜோடி வந்தாலும் அப்படித்தான். மாற்றி மாற்றி எடுத்தால் எது எதுவென்று குழப்பம் வரும், குழப்பம் வந்தால் மார்க் தப்பாகும் என்பது அவன் கட்சி.

கதைக்குரிய ஜோடியில் ஒன்றின் விலைக்கு மற்றதில் எட்டு வாங்கலாம். விலை உயர்ந்தது கண்ணாடி முதுகு. சோபாவில் வைத்தால் யாரும் தொடாமலே நழுவிக் கீழே போய்விடும். கனமும் அதிகம், தாங்கிப் பிடித்த சுண்டுவிரலில் பள்ளம் விழுந்தது. ஆனால் வெயிலில் நின்று படிக்க முடிந்தது, சிவப்புச் சட்டையைச் சிவப்பாகவே படம் பிடித்தது. மலிவு போன் அதே சட்டையை ஆரஞ்சாக்கியது, அவன் முகத்திலிருந்த அம்மைத் தழும்பைக் கேட்காமலே அழித்துக் கொடுத்தது. எழுத்து விரலுக்குப் பின்னால் அரைக்கணம் தாமதித்து வந்தது. ஆனால் காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் சாயங்காலம்வரை தாங்கியது. இதையெல்லாம் அவன் நேர்மையாக எழுதினான்.

கடைசிச் சோதனை பேச்சு. மனைவி மொட்டை மாடிக்குப் போய், தன் போனிலிருந்து முதலில் விலை உயர்ந்ததைக் கூப்பிடுவாள், பிறகு மலிவானதை. ஆரம்பத்தில் செய்தித்தாளைப் படித்துக் காட்டினாள். பிறகு சலித்துவிட்டது.

"எதையாவது பேசு. நீ என்ன பேசறேங்கறது முக்கியமில்ல. கேக்குதாங்கறதுதான் முக்கியம்" என்றான்.

இதைவிடக் கொடுமையான வாக்கியத்தை ஒரு கணவன் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். அவன் அதைத் தொழில்முறையில் சொன்னான், அவ்வளவுதான்.

அந்த ஜோடியின் சோதனை இப்படி நடந்தது.

முதல் போன்:

"தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடக்கு. வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்கன்னு நேத்தே சொன்னேன்ல?"

"சொல்றேன்."

"சொல்றேன் சொல்றேன்னு நீங்க சொல்றதுதான் எனக்குத் தெரியுமே."

"சரி, போதும், வெச்சிடு."

இரண்டாவது போன்:

"இன்னொண்ணு சொல்லணும். கடையில [          ]"

"ம்."

"[          ] நல்லதுதானே?"

"ம்... சரி."

"[          ]?"

"போதும், வெச்சிடு."

[காலி இடங்களில் அவள் என்ன சொல்கிறாள் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.]

"போதும், வெச்சிடு" என்பதில் விசேஷம் எதுவுமில்லை. சோதனை முடிந்ததற்கு அடையாளம். வருஷக்கணக்காக அதே இரண்டு வார்த்தைகள்தான். அவள் போனை வைத்தாள். அவன் எழுதினான்: "மலிவு போனில் பேசுகிறவர் எங்கோ தொலைவில் இருப்பதுபோல் இருக்கிறது. அரை மார்க் குறைவு."

4

மனைவியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. மாடிக்கு ஏறி இறங்குவதற்கு மட்டும் ஒருத்தியைக் கதைக்குள் வைத்திருப்பது நியாயமா? அவளுக்கும் ஒரு தொழில் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். வருகிறவரை உட்காரவைத்து, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பாள். அவன் அவளை டாக்டரம்மா என்று கேலி செய்வான். ஆக, அந்த வீட்டில் இரண்டு பேருமே இது மேலா அது மேலா என்று கேட்டுத்தான் சம்பாதிக்கிறார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"இன்னிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தாரு. ஒரு கண்ண மூடினேன். 'ஏம்மா லைட்ட அணைச்சே?'ங்கறாரு."

"நீ எதுக்கு அணைச்சே?"

"நான் எங்க அணைச்சேன்? அந்த இன்னொரு கண்ணு எப்பவோ போயிருக்கு. ரெண்டும் திறந்திருந்தா நல்ல கண்ணே எல்லா வேலையையும் பாத்துடும். ஆளுக்கே தெரியாது."

"அதெப்படித் தெரியாம இருக்கும்?" என்று அவன் சிரித்தான்.

(ஓரக்குறிப்பு: அன்று அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலி அவனுக்கு இடது பக்கம். அங்கே உட்கார்ந்து அவள் பேசுகிற நாட்களில் பாதிக்குப் பதில் வராது. அவன் கையில் ஏதாவது ஒரு போன் இருக்கும். "அந்தப் போனுக்குள்ளயே போய்க் குடியிருங்க" என்பாள். போன் பார்க்கிறவனைப் பற்றி வேறு என்ன நினைக்கத் தோன்றும்?)

5

விமர்சனம் வெளிவந்து சில வாரங்கள் ஆனபின், ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கினாள்.

"எங்க கிளம்பற?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? புதுக் கிளைக்குத்தான். வர்ற வாரம் திறக்கறாங்க. சொன்னேனே, நீங்களும் சரின்னீங்களே."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. கவனிப்பதுதானே அவன் பிழைப்பு. "ஆமாமா. தேதிதான் மறந்துபோச்சு" என்றான். பிறகு அவளுடைய பேச்சிலிருந்து பொறுக்கிப் பொறுக்கித் தெரிந்துகொண்டான்: கடைக்காரர் வேறு ஊரில் கிளை திறக்கிறார், பொறுப்பு முழுவதும் இவளிடம், வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று.

பெட்டிக்குள் அவள் ஒரு தலையணையை வைத்தாள். ஒன்றே ஒன்று. அவனுக்கு வலித்தது. அவன் வேலையை எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம். போன்கள் கூரியரில் வருகின்றன, கூரியருக்கு எந்த வாசலும் ஒன்றுதான். நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை, வெறும் பேச்சுக்காவது, கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லையே. கேட்காத இடத்துக்கு எப்படிப் போவது?

அன்று முழுவதும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு என்ன காரணம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அப்போது எனக்கும் பிடிபடவில்லை.

6

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மூன்றாம் பகுதியின் காலி இடங்களை நிரப்பப் போனேன். முடியவில்லை. இந்தக் கதையை நான் அவன் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டு வருகிறேன். அவன் காதில் விழாதது என் காதிலும் விழவில்லை.

பிறகு பார்த்தேன். காலி இடங்கள் எல்லாமே இரண்டாவது போனில்தான். இரண்டாவது போன் என்றால் இடது கை. இடது கையில் இருப்பதை இடது காதில்தான் வைப்பான்.

அவனுக்கு இடது காது கேட்பதில்லை. முழுச் செவிடில்லை, பாதிக்குமேல் போய்விட்டது. எழுதுவது இடது கை என்பதால் சொந்த போனை எப்போதும் வலது கையில் எடுப்பான், அதனால் அவனுக்கு அது தெரியாமலே போயிற்று. மலிவு போன்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. உண்மையைச் சொன்னால், நான் செய்த ஆள்தான் என்றாலும், எனக்குக் கொஞ்சம் ஆடித்தான் போயிற்று. உங்களுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

காது டாக்டரிடம் அனுப்பலாமா? காதில் குறை என்றே தோன்றாதவன் எதற்குப் போவான்? இணையதள ஆசிரியரை விட்டு ஒரு போன் செய்யவைத்தேன்.

"உங்க போன மாச விமர்சனம் சார். மலிவு போன் கம்பெனிக்காரங்க மெஷின் வெச்சு அளந்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு போன்லயும் சத்தம் ஒண்ணுதான்கறாங்க."

"மெஷினுக்குக் காது இருக்கா சார்?"

"அதில்ல... இன்னொரு தடவை பாத்துச் சொல்லிடுங்களேன். ரெண்டு போனும் மறுபடி அனுப்பறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. நாணயஸ்தனை யாராவது சந்தேகப்பட்டால் வருகிற கோபம் வந்தது. பார்த்துவிடலாம் என்றான்.

(இன்னொரு ஓரக்குறிப்பு: விலை உயர்ந்த போனின் சார்ஜர் வயர் குட்டையானது. அதைக் குட்டையாக்கியது நான்தான். சுவரில் பிளக் பாயின்ட் மேஜையின் இடது கோடியில் இருக்கிறது. அதையும் நான்தான் அங்கே வைத்தேன். கதாசிரியனுக்கு இந்த அளவு சலுகை கொடுங்கள்.)

7

அவள் ஊருக்குப் போக இரண்டு நாள் இருந்தது. மாடிக்குப் போகச் சொன்னான். போனாள்.

விலை உயர்ந்த போன் இடது கோடியில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்ததும், இருந்த கோபத்தில் முறையை மறந்து, அதை அப்படியே இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தான். அவள் ஏதோ சொன்னாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். இதுவும் மட்டம்தான்! இனி எவனும் நம்மைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. "போதும், வெச்சிடு" என்று சொல்லிவிட்டு, இடது கையாலேயே எழுதத் தொடங்கினான்: "இந்த விலைக்கு இந்த ஒலியா என்று..."

மலிவு போன் அடித்தது. சும்மா இருந்த வலது கை அதை எடுத்தது.

"இது ரெண்டாவது போன்தானே?"

அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மாடியில் காற்று.

"ம்" என்றான்.

"அப்ப சொல்லலாம். முதல் போன்ல எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசுவீங்க. ரெண்டாவதுல 'ம்'முன்னு கேட்டுக்குவீங்க. அதனாலதான் கஷ்டமானத எல்லாம் இதுக்குன்னு எடுத்து வெப்பேன். சண்டை வராதுல்ல."

இரண்டாவது போன்களில் அவள் எடுத்து வைத்தவை எத்தனை, எந்தெந்த வருஷத்தவை? லாரி டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். ஏம்மா லைட்ட அணைச்சே? அவன் கை தானாக இடது காதுக்குப் போயிற்று.

"கிளை விஷயம் சொன்னப்ப சரின்னீங்க. சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த மூச்சுலயே கேட்டேனே, நீங்களும் வர்றீங்களான்னு. 'போதும், வெச்சிடு'ன்னுட்டீங்க."

அவன் போனை வலது காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"பரவால்ல. ஒரு தலையணைதான் எடுத்து வெச்சிருக்கேன். சரி, உங்க வசனத்தச் சொல்லுங்க. நான் வெச்சிடறேன்."

8

இங்கே அவன் பதில் சொல்ல வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "நானும் வர்றேன்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்று ஏன் வெச்சிடு என்றான் என்பது அப்படியே நிற்கும். தன்மேல் இரக்கப்பட்டு வருகிறான் என்று அவள் நினைத்துவிடுவாள். காது விஷயம் அவளுக்குத் தெரியாததால், அந்த ஊரிலும் அவன் இடது பக்கத்தில்தான் அவள் நாற்காலி கிடக்கும். அடித்தேன்.

இரண்டு: "எனக்கு இடது காது கேக்கல." இதுதான் நிஜம். கேட்டதும் அவள் தொழில்காரி ஆகிவிடுவாள். கடகடவென்று இறங்கி வந்து ஒரு காதை மூடிப் பார்ப்பாள், அவள் கேட்ட கேள்வி மாடியிலேயே நின்றுவிடும். அதோடு, காது கேட்கவில்லை என்பது எவ்வளவு நிஜமோ, சாப்பாட்டு மேஜையில் ஒருதரம் நிமிர்ந்திருந்தால் அவள் வாய் அசைவது தெரிந்திருக்கும் என்பதும் அவ்வளவு நிஜம். அவன்மேல் எனக்குப் பிரியம்தான். அதற்காக முழுப் பழியையும் காதின்மேல் போட விடமாட்டேன். அடித்தேன்.

மூன்று: "போதும், வெச்சிடு." வாய்ப் பழக்கம். தொண்டைவரை வந்தும்விட்டது. எழுதிய கையோடு அடித்தேன்.

எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. அவனுக்கும் ஓடவில்லை. அதனால் இந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டு உங்களிடம் கொடுக்கிறேன். முன்பு விட்ட காலி இடங்கள் அவளுடையவை. இது அவனுடையது.

"[          ]"

யோசித்து எழுதுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் வெயில் ஏறிவிட்டது, அவள் செருப்பில்லாமல் போயிருக்கிறாள். போனை இன்னும் வைக்கவில்லை.