ராக்காயியின் நாலு மூட்டை

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில், ஒரு வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது பதினொரு வீட்டு மூக்குக்கும் தெரியும். ஆகவே, ராக்காயி வாரந்தோறும் தன் மரக்கறித் துண்டிலிருந்து பறித்ததாகக் கொண்டுவரும் லீக்ஸ், இப்றாஹிம் நானா கடையில் வாங்கி வழியில் சேறு பூசியது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு; அவர் துண்டுகளை இறங்கிப் பார்ப்பதில்லை. அவர் காதில் யாரும் போடவில்லை. அந்த அளவுக்கு லயத்தில் நல்ல மனசு உண்டு. முகத்துக்கு நேரே சிரிக்காமல் இருக்கும் அளவுக்குக் கிடையாது.

சேறு பூசக் காரணம் இருந்தது. ஓடைக்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம். பயிர் வைத்தால் அவர்களுக்கு; தரிசாகக் கிடந்தால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். ராக்காயியின் துண்டில் நாலு வருஷமாக ஒரு இலைகூட முளைக்கவில்லை. ஆனால் தினமும் வேலை விட்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேதான் போவாள்.

அப்போதுதான் சுலக்ஷனா வந்தாள். கினிகத்தேனைப் பெண், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். எந்த நாட்டு விவசாயம் எந்த வருஷம் பூமியைச் சூடாக்கும் வாயுவை எவ்வளவு வானத்துக்கு அனுப்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் படிப்பாம். உரம் போட்டால் அந்தக் கணக்கு ஏறுமாம். இந்த ஓடைக்கரையையும் அதில் சேர்க்க, பத்து வருஷத்து உர மூட்டைகளை வீடு வீடாகக் கேட்டு எழுதினாள்.

கையில் காகிதத்தோடு வருகிறவரிடம் எதையும் குறைத்துச் சொல்வதுதான் லயத்துப் பழக்கம். கோழி எத்தனை என்று கேட்டாலும் பாதிதான் வரும். பக்கத்து வீட்டுக் காளியாயி வருஷத்துக்கு மூன்று மூட்டை போடுகிறவள். "அரை மூட்டை மிஸ், அதுவும் சிந்துனது போக" என்றாள்.

ராக்காயி மட்டும் ஏற்றிச் சொன்னாள். "வருசத்துக்கு நாலு மூட்டைன்னு போடுங்க மிஸ். இப்பவும் அப்புடித்தான்." உரம் போடுகிற நிலத்தைத் தரிசு என்று யார் சொல்வார்கள்?

இரண்டு வாரம் கழித்து, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, சுவரில் வரைபடம் போட்டுக் கோடுகளைக் காட்டினாள் சுலக்ஷனா. சீனா, இந்தியா, ஒல்லாந்து, இலங்கை. கீழே ஓடைக்கரைத் துண்டுகள். எல்லாத் துண்டும் அடியில் படுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் உச்சியில் நின்றது.

காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே ராக்கு, ஏக்கர் கணக்குல நீ சீனாக்காரனையே முந்திட்டியேடி. வானத்துல ஓட்டை விழுந்தா ஒன் வீட்டுக்குத்தான் ஆள் வருவாங்க."

காம்பரா குலுங்கியது. ராக்காயி சிரிக்கவில்லை. அவள் இலங்கைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் போனது ஒரு இடத்தில் தொப்பென்று கீழே இறங்கியிருந்தது.

"இது என்னா மிஸ், பள்ளம்?"

"அது ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, இருபத்திரண்டு அக்கா. அரசாங்கத்துல ரசாயன உரத்த நிப்பாட்டினாங்களே, அந்த நேரம். காத்துக்கு நல்லதுதான். அந்த ரெண்டு வருசம் நம்ம நாடு நல்லாக் குறைச்சிருக்கு."

ராக்காயி எழுந்து போய்விட்டாள்.

உச்சியில் நின்ற கோடு சுலக்ஷனாவைத் தூங்க விடவில்லை. மறுநாள் நேரே ஓடைக்கரைக்கு வந்தாள். அங்கே பயிர் இல்லை, களையும் இல்லை. ஏழு பாத்திகள், நேற்று வெட்டியவை போல. மழையில் சரிந்த ஓரத்தை ராக்காயி கையால் தட்டி ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே நடலையே."

"எங்க வீட்டுக்காரரு வெட்டுனது மிஸ். கந்தப்பன்னு பேரு. கெழங்கு ஊன்றதுக்குப் பாத்தி போட்டுட்டு உரத்துக்கு அலஞ்சாரு. கெடைக்கல. தோட்டத்துலயும் கொழுந்து கொறஞ்சு, வேல நாளக் கொறச்சுட்டாங்க. கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனாரு. 'உரம் வந்ததும் வர்றேன், அதுவரைக்கும் பாத்திய மழ கரைக்காமப் பாத்துக்க'ன்னாரு. மூணாம் மாசம் சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. வேன்லதான் கொண்டாந்தாங்க."

பிறகு ஒரு மண்கட்டியை விரலால் நசுக்கியபடி சொன்னாள்: "நேத்து காட்டுனீங்களே பள்ளம். அதுலதான் அவரு இருக்காரு."

சுலக்ஷனா கணக்கு எழுதிய தாளை எடுத்தாள், மடித்தாள். "அக்கா, நான் நாலுன்னே விட்டுர்றேன்."

"வேணாம் புள்ள. பொய்ய வச்சு எந்த நாட்டோட ஒப்பிடுவ? நாலு வருசத்துக்கும் பூச்சியம்னு போடு." பாத்தி ஓரத்தைத் தட்டியபடியே கேட்டாள்: "அந்த லிஸ்ட்டு ஆபீசுக்கும் போவுதா?"

"அனுமதி குடுத்ததே அவங்கதான். வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

வியாழன் ராக்காயி கொழுந்து பறிக்கப் போகவில்லை; பூச்சியத்தைப் பார்த்ததும் கண்டாக்கு ஓடைக்கரைக்கு இறங்கிவிடுவார். நாலு வருஷ மழையில் பாத்தி மண் உள்ளே கல்லாகியிருந்தது. கொத்திப் புரட்டாமல் கிழங்கு ஊன்ற முடியாது. முதல் பாத்தியின் முன்னால் மண்வெட்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். விஷயம் எட்டாத காது லயத்தில் ஏது? காளியாயி தன் மண்வெட்டியோடு வந்து, ஒன்றும் பேசாமல் அடுத்த பாத்தியில் இறங்கினாள். காளியாயி பேசாமல் இருந்ததை அந்த ஓடை அன்றுதான் கண்டிருக்கும்.

ஆறு பாத்தி முடிந்தது.

"கடைசியை வேணும்னா விட்டுரு ராக்கு. ஓரமாத்தானே இருக்கு."

"ஒண்ணு கெடந்தாலும் கண்டாக்கு கண்ணுல படும்டி" என்றாள் ராக்காயி. ஏழாவதை அவளே வெட்டினாள். கந்தப்பன் வெட்டிய வாக்கிலேயே, மேலிருந்து கீழாக. இருட்டுமுன் ஏழிலும் கிழங்கு ஊன்றியாயிற்று.

வெள்ளி காலை சுலக்ஷனா ராக்காயிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நேத்து நட்டுட்டீங்களாமே. இந்த வருசத்துக்கு என்ன போட?"

"அர மூட்ட."

"நெசமாவா?"

"நானா கடையிலதான் வாங்குனேன். வேணும்னா கேட்டுப் பாரு." பிறகு, "கோடு ஏறுதா புள்ள?"

"கொஞ்சூண்டு ஏறுதுக்கா."

"ம்" என்றாள் ராக்காயி.

அன்று மாலை ஓடைக்கரையிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். லீக்ஸ் எங்கே என்று லயத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.