பன்னிரண்டைத் தாண்டினால்

திருச்சுழிப் பக்கம் மேடு என்று சொல்லிக்கொள்ள கண்மாய்க்கரையை விட்டால் வேறு கிடையாது. மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கிற கரிசல். அந்தச் சீமையில் பிறந்தவளிடம் போய், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்துக் காட்டு என்றால் எப்படி? காளீஸ்வரிக்கு ஒரு மாதமாக இதே வயிற்றெரிச்சல்.

போன டிரைவிங் டெஸ்டில் மைதானத்துச் சிமெண்ட் ஏற்றத்தில்தான் கோட்டை விட்டாள். ஹேண்ட் பிரேக் போட மறந்து, வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. ஒவ்வொரு தப்புக்கும் மார்க் ஏறும். பன்னிரண்டைத் தாண்டினால் ஃபெயில்.

இன்றும் ஃபெயிலானால் வேலை போய்விடும். அருப்புக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் கோகிலாம்பாள், கடை லோடு வண்டிக்கு ஆள் போடாமல் இவளுக்காக வைத்திருக்கிறார். திங்கட்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டார். பத்து வருடம் விசைத்தறிச் சத்தத்திலேயே நின்றவளுக்கு அந்த வண்டி மேல் அப்படி ஓர் ஆசை.

ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பை உரசியதில் ஆறு மார்க் ஏறியது. அடுத்தது ஏற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

அவளை அறியாமல் நடந்தது அது. பழகியதெல்லாம் கண்மாய் ஏற்றத்தில். பாதி ஏற்றத்தில் கருப்பசாமி நிற்கிறார். வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் அவரைத் தாண்ட, கற்றுக்கொடுத்த முகேஷ் ஒருநாளும் விட்டதில்லை.

"ரெண்டு கையையும் எடுத்தாச்சு, அஞ்சு மார்க்கு," என்று எழுதிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

ஆறும் ஐந்தும் பதினொன்று. எஞ்சின் நின்றால் இன்னும் இரண்டு, அதோடு கதை முடிந்தது. கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி முக்கியது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஒரு விரற்கடை கூடப் பின்வாங்காமல் மேலே ஏறியது.

யாரைக் கும்பிட்டாள் என்று அவர் கேட்டார்.

"கருப்பசாமிய சார். எங்க கம்மா மேட்டுல கும்பிடாம ஒரு வண்டியும் போகாது."

"அதான் கையெடுக்குறதுக்கு முன்னாடி பிரேக்க ஒழுங்கா இழுத்துட்டீக," என்றவர், ஐந்தை மட்டும் அழிக்கவில்லை. பதினொன்று, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து கோகிலாம்பாளுக்குப் போன் போட்டாள். பாஸானதைச் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே காரியாபட்டிக்கு லோடு இருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் வர முடியாதென்றால் அன்றைக்கு மட்டும் வேறு ஆளைச் சொல்லிவிடட்டுமா என்று அவர் இழுத்தார்.

"வேணாம்க்கா," என்றாள் காளீஸ்வரி. "அஞ்சரைக்கே நான் வாரேன்."