நெமத்தின் பைக்

மைசம் முதலில் இன்ஜினைத்தான் தொட்டுப் பார்த்தான். வாங்க ஆள் வரும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்துக் கோளாறை மறைப்பது தெஹ்ரானில் புதிதல்ல. உள்ளங்கையைப் பதித்தான். சில்லென்று இருந்தது.

"காலையிலேர்ந்து ஸ்டார்ட்டே பண்ணல தம்பி. நீயே வந்து பாக்கணும்னு விட்டுட்டோம்," என்றாள் மொனீர்.

செங்கல் சூளையை மூடிவிட்டதால் வேலை போனவன் அவன். கடைவீதியில் பார்சல் ஓட்டிப் பிழைக்கலாம் என்று வண்டி தேடி வந்திருந்தான். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாயைத் துடைத்து, எண்ணெய் கசிகிறதா என்று முகர்ந்தான். ஜன்னலுக்கு உள்ளே மெத்தையில் சாய்ந்திருந்த நெமத்தின் கண்கள் அந்த வெளிச்சத்தோடு கூடவே நகர்ந்தன. மொனீரின் புருஷன். பக்கவாதம் அவனுடைய வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோயிருந்தது.

"மீட்டர்ல முப்பதாயிரம்தானா?"

"அது ரெண்டு தடவை சுத்தி முடிஞ்சு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து வந்தது. அதையும் சேத்துக்கோ."

மைசம் சிரித்துவிட்டான். "விக்கிறவங்க இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லக்கா. டேங்க்ல இது என்ன, விழுந்துச்சா?"

"சாலூஸ் மலை ரோட்டுல. கல்யாணமான புதுசு. கடல் பாக்கப் போனோம்."

அவளுடைய தங்க வளையல்களை விற்று வாங்கிய வண்டி. அதனால் அவள் பேரிலேயே பதிய வேண்டும் என்று நெமத் ஒற்றைக்காலில் நின்றான். மலையில் பனிமூட்டம். பின்னால் கட்டியிருந்த தர்ப்பூசணி ஒரு பக்கமாகச் சரிய, ஜல்லியில் வழுக்கி மூன்றும் விழுந்தன: வண்டி, பழம், அவர்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. உடைந்த பழத்தை ரோட்டோரம் உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்றார்கள். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக் கேலி செய்துகொண்டு போனார்கள். கடலை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றக்கூட நினைக்காமல் அப்படியே தண்ணீருக்குள் நடந்தாள்.

மைசம் கிளட்சைப் பிடித்துப் பார்த்தான். லீவர் கைப்பிடிக்கு மிக நெருக்கமாக வளைக்கப்பட்டிருந்தது. அவன் விரல்கள் இடித்தன. ஜன்னல் பக்கம் திரும்பினான். போர்வை மேல் கிடந்த நெமத்தின் கை மண்வெட்டி மாதிரி அகலமாக இருந்தது.

"இதை யாரு ஓட்டினது?"

மொனீர் கொஞ்சம் தயங்கினாள். "நான்தான். இவருக்குக் கை விழுந்த பிறகு ரெண்டு வருஷம்."

"கடைவீதியிலயா?"

"இவரு கோட்டு, இவரு ஹெல்மெட் போட்டுக்குவேன். இவரைப் பின்னாடி உக்கார வச்சுக்குவேன். கடையில பேசுறது இவரு."

உள்ளேயிருந்து நெமத்தின் குரல் இழுத்து இழுத்து வந்தது. "இவள... என் அக்கா பையன்னு... சொல்லி வச்சேன். ஊமைன்னு."

"ஒரு ஜவுளிக்காரரு பாவப்பட்டு எனக்குப் பொண்ணு பாக்கவே ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் மொனீர். மூன்று பேரும் சிரித்தார்கள்.

விடிகாலைகளில் ரொட்டி அடுப்புகளின் வாசனை வீசும் சந்துகள். இடுப்பைச் சுற்றிய நெமத்தின் நல்ல கை. கஷ்டகாலம் என்றுதான் ஊரெல்லாம் சொன்னது. அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"சிக்னல்ல போலீஸ்காரங்க புடிச்சுட்டாங்க. லைசென்ஸ் கேட்டாங்க. பொம்பளைக்கு பைக் லைசென்ஸ் குடுக்கவே மாட்டேங்கறாங்க, எங்க போறது? இன்னொரு தடவை மாட்டினா வண்டி திரும்பி வராதுன்னுட்டாங்க."

மைசம் உதைத்தான். வண்டி இருமியது, அடங்கியது. மறுபடி உதைத்தான். மொனீர் குனிந்து சோக்கை இழுத்தாள், கிக்கரை ஒரு தரம் மெதுவாக அமுக்கினாள், பிறகு ஒரே உதை. முற்றம் அதிர்ந்தது. நீலப் புகை கொஞ்சம் வந்து கலைந்தது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு," என்றான்.

"ஆமா. பாத்து ஓட்டினா ஒரு வருஷம் தாங்கும்."

விலையில் அவன் கொஞ்சம் இழுத்தான், அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். நம்பர் பிளேட் மாற்ற உரிமையாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். மொனீர் உடலை மூடிய கறுப்புச் சாதரைச் சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிச் செருகிக்கொண்டு மைசத்தின் பின்னால் ஏறினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நெமத் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

மைசத்துக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சதுக்கத்துச் சிக்னலில் பச்சை விழுந்ததும் அவன் கையில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹார்ன்கள் அலறின. மறுபடி கிளப்பினான், மறுபடி அணைந்தது.

"பதறாதே. மெதுவா விடு," என்றாள் அவன் காதருகே.

விசிலை ஊதிக்கொண்டு போலீஸ்காரர் வந்தார். மைசம் லைசென்ஸை நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பிறகு மொனீரைப் பார்த்து, அக்கறையோடு சொன்னார்.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்கம்மா. புதுசா ஓட்டுறான்."

மொனீர் மைசத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.