அணைய மறுத்த பலகை

ஸ்ஃபாக்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அந்தச் சர்க்யூட் பலகையின் நீல விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டல் நின்று சீராக எரிந்தால்தான் பலகையை உருவலாம். அப்படி வடிவமைத்தவன், இப்போது அதை மாற்ற வந்திருக்கும் ஒல்ஃபாவின் கணவன் ரிதா. வசந்தத்தில் இதே அறையில், மூன்றாம் கட்டிலில் இறந்துபோனான்.

அந்தக் கட்டிலுக்கான பலகைதான் பழுது; அன்றிலிருந்து கட்டில் காலி. இன்று அறுவை முடிந்து ஒரு பெண் அங்கே வரப்போகிறாள். அதற்குள் மாற்றியாக வேண்டும். எல்லாக் கட்டில்களின் பலகைகளும் செருகியிருந்த அலமாரியின் மின்சாரத்தை நிறுத்த வழியில்லை. மற்ற நோயாளிகளின் இதயத் துடிப்பெல்லாம் அதன் வழியாகத்தான் திரைக்கு வருகிறது.

“இழுத்துடவா அக்கா?” என்றான் உடன் வந்த ஹாத்தெம். “பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு.”

“இழு. பொறி பறந்து எல்லாத் திரையும் இருண்டா நீயே பதில் சொல்லு.”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஒல்ஃபா மீட்டரை வைத்துப் பார்த்தாள். இந்தப் பலகைக்கு மட்டும் வரும் மின்சாரம் நின்றுதான் இருந்தது. ஆனாலும் உள்ளே துளி மின்னழுத்தம் வடியாமல் ஊறிக்கொண்டிருந்தது. சிக்னல் கம்பி வழியாகத் திருட்டு மின்சாரம் ஏறினால் பலகை முழுதாகச் சாகாது. எல்லாக் கம்பிக்கும் தடுப்பு வைத்த ரிதா, மருத்துவர்கள் கடைசியில் கேட்டுச் சேர்த்த, கட்டிலோர மானிட்டரின் கம்பியை மட்டும் விட்டிருந்தான்.

“மூணாம் கட்டில் மானிட்டர் ஓடுதா?”

அருகே நின்ற நர்ஸ் மொன்ஜியா தலைகுனிந்தாள். “உன் வீட்டுக்காரர் போன அன்னிலேருந்து ஓடுதும்மா. சத்தத்தை மட்டும் அமுக்கினேன். அணைக்கக் கை வரல.”

திரைச்சீலைக்குப் பின்னால், காலிக் கட்டிலின் தலைமாட்டில், பச்சைக் கோடு ஒன்று நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒல்ஃபா கேபிளைப் பற்றினாள்.

“விடு, ரிதா,” என்றாள் மெல்ல. பிடுங்கினாள்.

“சிமிட்டல் நின்னுடுச்சு அக்கா!” ஹாத்தெம் கத்தினான்.

பழையதை உருவிப் புதியதைச் செருகினார்கள். பலகையின் நீளமான எர்த் முனைகள் முதலில் தொட்டன, பிறகு மின்சாரம், கடைசியில் சிக்னல்.

“கேபிளை மாட்டலாமா அக்கா?”

“பொறு. பலகை முழுசா எழுந்திரிக்கட்டும்.”

பிறகு அவளே மாட்டினாள். நேர்கோடு நர்சுகளின் பெரிய திரைக்கும் வந்தது. துடிப்பில்லை என்று எச்சரிக்கை மணி அலறியது. ஹாத்தெம் நிறுத்த ஓடினான்.

“இருடா. கொஞ்சம் கத்தட்டும்.”

தாழ்வாரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் நெருங்கியபோது ஒல்ஃபாவே பொத்தானை அழுத்தினாள். தலையணையை நேராக்கிவிட்டு, வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.