நானூற்றுப் பன்னிரண்டு பேர்

"இத நீயே பாத்துச் சொல்லும்மா" என்று ஜமாஅத் செயலாளர் கமாலுத்தீன் பாய் தன் போனை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார். பார்த்தேன். என் மகள் ரிஸ்வானாவின் கை. மருதாணி கோனைப் பிடித்திருக்கும் வலது கை. புர்காவின் கை கொஞ்சம் மேலேறி, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அளவு தெரிகிறது. வீடியோவை நிறுத்திப் படம் பிடித்து, அந்த நாலு விரல் அளவைப் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, 'நம் பெண் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?' என்று கீழே எழுதி, போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு ஜமாஅத் குரூப்பில் போட்டுவிட்டார் மனிதர். குரூப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் ஆண்கள்.

ரிஸ்வானா சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். லீவு நாளில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவாள். அதற்கென்று இன்ஸ்டாகிராமில் பூட்டி வைத்த கணக்கு ஒன்று. முகம் காட்டமாட்டாள், பேசமாட்டாள், கை மட்டும்தான். சேர வருகிறவர்கள் பெண்கள்தானா என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் குரலைக் கேட்டுத்தான் சேர்ப்பாள். நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை வெளியே எடுத்துவிட்ட அறிவுகெட்டவள் நான்தான். கரியமாணிக்கம் ஊர்ப் பெண் செல்வகுமாரிக்கு அவள் போட்ட மணப்பெண் மருதாணி அவ்வளவு அழகாக இருந்தது. பெத்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோவை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். என் போனில் இருப்பதெல்லாம் பொம்பளைங்க நம்பர்தானே என்று நினைத்தேன். அதில் கமாலுத்தீன் பாய் மனைவி நம்பரும் இருந்தது. பெண்டாட்டி போனை எடுத்துப் பார்க்கும் புருஷனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

குரூப்பில் என் வீட்டுக்காரரும் இருக்கிறார். குவைத்திலிருந்து கூப்பிட்டு, "இன்னா லட்சணத்துல புள்ள வளத்துருக்கற?" என்று கத்தினார். படம் போட்டவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிஸ்வானா நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. முழங்கை வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். 

ஞாயிற்றுக்கிழமை பாகூரில் அவளுக்கு நிக்காஹ். எங்கள் ஜமாஅத் கடிதம் கொடுக்காமல் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்தமாட்டார்கள். அந்தக் கடிதத்துக்குத்தான் வந்திருந்தேன்.

"கடுதாசி ரெடியாதான் இருக்கு. பொண்ணு ஒரு மன்னிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடட்டும். அந்த இன்ஸ்டாவையும் எடுத்துடணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொருளாளர் ஜக்கரியா பாய் தலையை ஆட்டினார்.

"அவ என்னா தப்பு பண்ணா பாய்?"

"வெக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா. அன்னிய ஆம்பள கண்ணுல படற மாதிரி..."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"யாரு பாய் ஆம்பள கண்ணுல பட வெச்சது? அவ காட்டுனது நூத்தி நாப்பது பொம்பளைங்களுக்கு. நீங்க காட்டுனது நானூத்திப் பன்னெண்டு ஆம்பளைங்களுக்கு. அதுவும் பெருசு பண்ணி, வட்டம் போட்டு! பாக்காதவனும் எங்க பாக்கணும்னு தெரிஞ்சிக்கினான். நல்லா இருக்கே உங்க நியாயம்!"

"குரல ஒசத்தாத. நல்லதுக்குதான் போட்டேன், எச்சரிக்கைக்கு."

"மொதல்ல அத அழிங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

அவர் ஜக்கரியா பாயைப் பார்த்தார். இவள் வாயை மூடினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்துப் படத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினார். எட்டிப் பார்த்தேன். நாலு நாள் ஆகிவிட்டதால் எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி வரவில்லை. 'எனக்கு மட்டும் அழி' என்பதுதான் வந்தது. அழுத்தினார். படம் போனது.

"இந்தா, போச்சு."

"ஜக்கரியா பாய், உங்க போனக் காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினார். அப்படியே இருந்தது, என் பிள்ளையின் கையும் சுற்றிலும் வட்டமும். கமாலுத்தீன் பாய் முகம் சுண்டிப்போனது. "அது அவங்கவங்களா அழிச்சாதான் உண்டு" என்று முனகினார்.

"அப்போ இன்னும் நானூத்திப் பதினொண்ணு" என்றேன்.

ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பள்ளிவாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கமாலுத்தீன் பாய் பின்னாலேயே ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ற? அசர் தொழுகைக்கு ஆளுங்க வர்ற நேரம். பொம்பள இங்க உக்காரலாமா?"

"வரட்டும். ஒவ்வொருத்தரா போன எடுத்து, என் முன்னாடி அழிச்சுட்டு உள்ள போவட்டும். ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீங்க கடுதாசி குடுங்க, குடுக்காம போங்க."

  பாங்கு சொல்லி முடித்தார்கள். தெருமுனையிலிருந்து முதல் ஆள் வந்தார், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரர். கேட்டருகே செருப்பைக் கழற்றப் போனவர் என்னைப் பார்த்ததும் நின்றார். ஒரு காலில் செருப்போடு, போன் இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.