கறுப்புப் பேடுகள்

தேற்றாத்தீவில் தங்கை வீட்டில் நாலு நாள் நின்றுவிட்டு ஆரையம்பதிக்குத் திரும்பிய வதனி, பையைக்கூட வைக்காமல் கோழிக்கூட்டைத் திறந்தாள். புள்ளிச் சேவல் மட்டும் மூலையில் ஒதுங்கி நின்றது.

“கறுப்புப் பேடு ரெண்டும் எங்க?”

முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் உதயரூபன் நிமிராமலே சொன்னான். “றபீக்கா ராத்தா அடைக்கு ஒரு கோழி கேட்டா. ரெண்டையும் குடுத்திட்டன். புள்ளி இல்லாததுதானே.”

ஐந்து வருடத்துக்கு முன் அவன்தான் அந்தச் சேவலைக் கல்முனையிலிருந்து வாங்கி வந்தவன். சில்கி இனச் சேவல். பஞ்சு போன்ற கறுப்பு மயிரில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வீட்டில் நின்ற கறுப்பு சில்கிப் பேடுகளோடு அதைச் சேர்த்துவிட்டுக் கட்டாருக்குப் போனான். பொரித்த குஞ்சுகள் அத்தனையும் கறுப்பு. போனை அவற்றுக்கு நேரே பிடித்து, “ஏமாந்து போனம்” என்றாள் வதனி. அவன் இரண்டு நாள் எதையெதையோ தேடி வாசித்துவிட்டு அழைப்பு எடுத்தான். “ஒண்டையும் விக்காத. புள்ளி உள்ளுக்க இரிக்கி. பேட்டுக் குஞ்சு வளந்ததும் தகப்பன் சேவலோட விடு. பாதிக்காவது புள்ளி வரும்.”

வந்தது. முதல் புள்ளிக் குஞ்சைக் காட்டிய அன்று, எட்டுப் பேர் படுக்கும் அறையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்குப் போன் அடிக்கும். எந்தக் குஞ்சுக்குச் சிறகில் புள்ளி, எதற்குக் கழுத்தில் என்று கதைத்துக் கதைத்து அடுப்பில் சோறு அடிப்பிடித்த நாட்களும் உண்டு. போன வருடம் கழிச்சல் நோய் வந்து புள்ளிக்காரர் எல்லாம் செத்துப்போக, மிஞ்சியது சேவலும் அதன் இரண்டு கறுப்பு மகள்களும்தான். அவன் வந்து நிற்கும்போது பொரிக்க வேண்டும் என்று அவள் அடை வைக்காமலே காத்திருந்தாள்.

அவன் வந்து மூன்று மாதமாகிறது. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு மணித்தியாலம் கதைத்த மனிதன், குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் நாலு சொல் பேசுவதில்லை. ஆறு மணியானால் அவள் கண் தானாகப் போன் பக்கம் போகும். ஆள் பக்கத்தில் இருக்க அந்த அழைப்பை மனம் தேடுகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

“புள்ளி உள்ளுக்க இரிக்கிண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தான். “நானா? எப்ப?”

அவள் பையை விறாந்தையில் வைத்தாள். தெருவுக்கு வந்து காத்தான்குடிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

தையற்காரி றபீக்காவின் வீடு வாவிக் கரையோரம். ஒரு பேடு வேலியோரம் மேய்ந்தது. மற்றது பெட்டிக்குள் தாரா வாத்து முட்டைகளின் மேல் பரவிக் கிடந்தது. வதனி விசயத்தைச் சொன்னதும் றபீக்காவுக்கு முகம் வாடிவிட்டது. “எனக்கென்ன தெரியும் புள்ள. இத இப்ப எழுப்பினா முட்டையெல்லாம் பழுதாப் போயிரும். மத்ததக் கொண்டு போ. தாராக் குஞ்சு வந்த பொறகு இத நானே கொண்டாந்து தாறன்.”

பேட்டை மட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது உதயரூபன் மோட்டார் சைக்கிளோடு வேலிப் படலையடியில் நின்றான். வதனி பெட்டியோடு பின்னால் ஏறினாள். கொஞ்சத் தூரம் போனபின் அவன் முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

“அங்க நிண்டு கதைச்சது ஒண்டும் ஞாபகத்தில இல்ல வதனி. வேல முடிஞ்சா தல விறைச்சிரும். உன்ட குரலக் கேக்கத்தான் எடுக்கிற. கோழியப் பத்திக் கேட்டா நீ நிப்பாட்டாமக் கதைப்பாய்.”

காற்று இரைந்தது. ஆறு மணி அழைப்பை மனதுக்குள் திரும்ப ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். இந்த முறை அவனுடைய பக்கத்திலிருந்து.

திடீரென்று மழை பிடித்தது. ஒதுங்க ஒரு கடைகூட இல்லாத இடம். அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். “இது நனைஞ்சா தாங்காது. மயிர் பஞ்சு மாதிரி ஊறிரும்” என்று சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெனியனோடு நனைந்தபடி கேட்டான்.

“அடை வெச்சா எத்தின நாளில பொரிக்கும்?”

“இருவத்தொண்டு.”

சட்டையின் கழுத்து வழியே கறுப்புக் கொண்டையொன்று மெல்ல வெளியே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.