இடது பக்கம் லேசான இரைச்சல்

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். மெஷின் தன் முகப்பில் ஒரு எண்ணைக் காட்டும். அவர் மூடியைக்கூடத் திறக்காமல் "பம்ப் போச்சு" என்பார். பம்பை மாற்றுவார், மெஷின் ஓடும். இருபது வருஷம் இப்படி எண்களை நம்பிப் பிழைத்த மனிதரின் கையில் எங்கள் பழைய கார் மாட்டிக்கொண்டது.

புதன்கிழமை காலை டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கார் பரிசோதனை. நான் நர்ஸ். நான் வேலை பார்த்த மருத்துவமனையை மூடி மூன்று வருஷமாகிறது. இப்போதுதான், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. சொந்தக் கார் வேண்டும், அதில் எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது, கருவியைச் செருகி அந்த நிறுவனத்தாரே பார்ப்பார்கள். தேறினால் அன்று மதியமே முதல் நோயாளி. தேறாவிட்டால் பட்டியலில் எனக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த இடம்.

"எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? நான் இருக்கேன்ல?" என்றார் அவர்.

அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலை இரட்டிப்பாகும்.

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். பழுதைக் குறிக்கும் கோடு எண் போனில் வந்தது. எஞ்சினுக்குள் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் காட்டுவதாக அதன் கீழே எழுதியிருந்தது. மனிதரின் கண்ணில் பட்டது 'சென்சார்' என்ற ஒரு சொல்தான்.

வியாழக்கிழமை புது சென்சார் மாட்டி, அந்தக் கோடு எண்ணை அழித்தார். விளக்கு அணைந்தது. அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு மறுபடி எரிந்தது.

மாடி வீட்டிலிருக்கும் என் நாத்தனார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, அண்ணன் காருக்கும் சோப்புத் தூள் போட்டுப் பாத்துட்டாரா?"

சனிக்கிழமை காலை அவர் புது யோசனையோடு வந்தார். "திங்கக்கிழமை ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, கோடு எண்ணை அழிச்சிடுவோம். அவங்க பாக்கும்போது விளக்கு இருக்காது."

எனக்கு வந்ததே கோபம்!

"ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கிற காய்ச்சலை ரப்பரால அழிச்சா உடம்பு சரியாயிடுமா? போன தடவை அழிச்சப்போ, கார் தன்னைத்தானே பண்ணிக்கிற சோதனைகள் இன்னும் முடியலைன்னு அதே போன்ல வந்துச்சே, நானும் பாத்தேன். அவங்க கருவியில மட்டும் தெரியாதா?"

"அதான் சென்சாரையே மாத்தினேனே..."

"சென்சார் புகார் சொல்லுச்சு. நீங்க புகார் சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்கிட்டீங்க. காத்து எங்கேருந்து உள்ள வருதுன்னு யாராச்சும் பாத்தோமா?"

"அவ்ளோ தெரிஞ்சா நீயே பாரு" என்று ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

ரோஷத்தில் நேரே உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வருஷமாக அதைத் தொடவில்லை. தொடப் பயம் என்பதே உண்மை. வார்டில் இருந்தபோது, டாக்டர் வருவதற்கு முன்பே நெஞ்சுச் சளி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது இன்னும் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. நேர்காணலில் "எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று ஒரு போடு போட்டிருந்தேன். இவரிடம்கூட இந்தப் பயத்தைச் சொன்னதில்லை.

கூந்தலை முடிந்துகொண்டு, எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத் தட்டை எஞ்சின் மேல் வைத்தால் தடதடவென்ற சத்தம்தான் கேட்டது. வேறு ஒன்றும் பிடிபடவில்லை. என் காது அவ்வளவுதானா என்று தோன்றியது.

பிறகு யோசித்தேன். நான் தேடுவது இடியை அல்ல, மூச்சை. தட்டைக் கழற்றிவிட்டு வெறும் ரப்பர் குழாயின் முனையை, சுழலும் பெல்ட்டின் பக்கம் போகாமல், ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் மெதுவாக நகர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏதாச்சும் கேக்குதா?" என்றார்.

"பேசாம இருங்க."

ஒரு விரல் பருமனுள்ள குழாய் எஞ்சினின் காற்றுப் பாதையில் போய்ச் சேரும் இடம். ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய இழுப்பு. கையை நகர்த்தினால் போனது, திரும்பினால் வந்தது.

"இடது பக்கம், கீழே. லேசான இரைச்சல்" என்றேன். டாக்டரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னதை நானே கேட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் குனிந்து அந்த இடத்தை விரலால் அழுத்தினார். திணறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சீராகியது. புகுந்த காற்றுக்கு ஈடாக எஞ்சின் கூடுதலாக இழுக்கும் எரிபொருளின் அளவு போனில் இருபத்தைந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது, அது மளமளவென்று இறங்கியது. எஞ்சினை நிறுத்திக் குழாயைக் கழற்றினோம். முனையில் கிளிப் கடித்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது.

அவர் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"இது கார் கிளிப் இல்ல" என்றார். "போன மாசம் குழாயைத் துடைக்கக் கழட்டினப்போ பழைய கிளிப் உடைஞ்சுபோச்சு. பையில மெஷின் கிளிப் இருந்துச்சு. தண்ணி ஒழுகாம இருக்க இறுக்குவோம்ல, அந்த மாதிரி இறுக்கிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று திட்டவே தோன்றவில்லை. என் காது எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

"போய்ச் சரியான கிளிப்பும் புதுக் குழாயும் வாங்கிட்டு வாங்க" என்றேன். வாங்கி வந்தார். அளவாக இறுக்கினார், ஒவ்வொரு திருகுக்கும் என் முகத்தைப் பார்த்தபடி. அதன் பிறகுதான் கோடு எண்ணை அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினேன். நெரிசலான தெருக்களில் நின்று நின்றும், பெரிய சாலையில் ஒரே வேகத்திலும். கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அது போதும் என்றது போன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த சோதனைகளைத் தேர்வு முடிவு வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக வாசித்தார். மாலைக்குள் எல்லாம் முடிந்திருந்தன. விளக்கு எரியவில்லை.

திங்கட்கிழமை பரிசோதகர் கருவியைச் செருகினார், பார்த்தார், பிடுங்கினார். "சுத்தமா இருக்கு. நீங்க கிளம்பலாம்."

முதல் நோயாளி ஒரு லாரி ஓட்டுநர். நாலு நாள் இருமல். அவருடைய மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைத் திரும்ப மாட்டிய ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தேன். வலது பக்கம் தெளிவு. இடது பக்கம், கீழே...

"ஏதாச்சும் கேக்குதா சிஸ்டர்?" என்றாள் அந்த அம்மா.

"கேக்குது" என்றேன். "ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். பயப்படாதீங்க, நான் இப்பவே டாக்டருக்குப் போன் பண்றேன்."